வீடு கட்டும் முன் ஒரு தாள் எழுதுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டிலும் பணமும் அதிகம், பாடும் அதிகம் என்பதால் அப்படிச் சொன்னார்கள் போலும்! ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு.

கல்யாணம் நிச்சயமாகும் அன்று லக்னப் பத்திரிகை எழுதுகிறோம். பெண் யார், பிள்ளை யார், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி, நாலு பேர் முன்னிலையில் உரக்கப் படித்து, தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். வீட்டுக்கோ? ஆயுள் முழுவதும் சேர்த்த பணம், அது போதாமல் பாங்கியில் வாங்கிய கடன், இரண்டையும் ஒரு கண்டிராக்டரை நம்பிக் கொடுக்கிறோம். எழுத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. பூமி பூஜையன்று வெற்றிலை பாக்கில் வைத்து முன்பணம் கொடுத்ததோடு சரி.

வேலை நடக்க நடக்கத் தகராறு முளைக்கிறது.

"நல்ல கம்பி போடுவதாகச் சொன்னீர்களே, மேஸ்திரி!" என்கிறார் வீட்டுக்காரர்.

"நீங்கள் கொடுக்கிற ரேட்டுக்கு இதுதான் நல்ல கம்பி, ஐயா!" என்கிறார் மேஸ்திரி.

"பரண் போட்டதற்குத் தனிக் காசா?" என்று இவர் கேட்கிறார். "பின்னே, சும்மாவா போட்டுக் கொடுப்பார்கள்?" என்று அவர் கேட்கிறார். வேலை நின்று போகிறது. தளம் போடாத கட்டடம் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. தூணுக்கு மேலே துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த ஊரின் புது நகர்ப் பகுதிக்குப் போனாலும் இப்படி ஒரு கட்டடத்தைப் பார்க்கலாம்.

இதில் யார் யோக்கியர், யார் அயோக்கியர் என்று விசாரிப்பது வீண். பல சமயங்களில் இருவருமே நல்லவர்கள்தான். பேசிய பேச்சு இருவருக்கும் வேறு வேறு விதமாக நினைவில் இருக்கிறது. நல்லவர்கள் இருவர் கோர்ட்டு வாசலில் போய் நிற்பதற்கு அது ஒன்றே போதும்.

சட்டம் இந்த இருவருக்கும் பாதுகாப்பு அளிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கேட்கும் முதல் கேள்வி, "என்ன எழுதிக்கொண்டீர்கள்?" என்பதுதான்.

பாபிலோன் மன்னர் போட்ட சட்டம்

வீட்டுக்காரருக்கும் வீடு கட்டுகிறவருக்கும் உள்ள வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்ற மன்னர், தம் சட்டங்களை ஒரு கல்தூணில் பொறித்து வைத்தார். அந்தத் தூண் ஈரான் நாட்டில் சூசா என்னும் பழைய நகரத்தைத் தோண்டியபோது 1901-1902-ல் கிடைத்தது. இப்போது பாரிஸ் நகரில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

கட்டி முடித்த வீட்டின் பரப்பை அளந்து, இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு வெள்ளி என்று கூலி கொடுக்க வேண்டும் என அந்தத் தூண் சொல்லுகிறது. இன்றைய "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற பேச்சு அன்றே இருந்திருக்கிறது! அடுத்த சட்டம்தான் பயங்கரம். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் இறந்தால், கட்டியவரைக் கொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும். பொருள் மட்டும் சேதமானால் கட்டியவர் ஈடு கொடுத்து, தம் சொந்தச் செலவில் வீட்டைத் திரும்பக் கட்டித் தர வேண்டும். சுவர் சாய்ந்தால் அதையும் தம் செலவிலேயே பலப்படுத்த வேண்டும்.

தலைக்குத் தலை வாங்கும் சட்டம் இன்று இல்லை. ஆனால் "கட்டியவர் பொறுப்பு" என்ற அடிப்படை மாறவில்லை. அந்தப் பொறுப்பு எவ்வளவு, எதுவரை என்பதைத்தான் இன்றைய சட்டங்கள் விவரமாகச் சொல்லுகின்றன.

வாய்ப் பேச்சு செல்லுமா?

"எழுதாவிட்டால் ஒப்பந்தமே இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அந்தச் சட்டப்படி, வீடு கட்டுவதற்கு வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடும் செல்லும். அதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் சங்கடம்.

எழுதினால் மட்டும் போதாது, முத்திரையும் வேண்டும். உரிய முத்திரைத் தீர்வை செலுத்தாத பத்திரத்தை, 1899-ம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, தீர்வையும் அபராதமும் கட்டும் வரை கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். ஆகையால் வெள்ளைத் தாளில் எழுதாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சட்டப் புத்தகத்தில் இடிந்த வீடு

ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. பல பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கதைகளை உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். நஷ்ட ஈடு பற்றிய 73-வது பிரிவின் கீழ் வீடு கட்டும் கதையே இருக்கிறது.

ஒரு கண்டிராக்டர், ஜனவரி முதல் தேதிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். வீட்டுக்காரர் அந்த வீட்டை அன்றைய தினம் மற்றொருவருக்கு வாடகைக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறார். இது கண்டிராக்டருக்கும் தெரியும். ஆனால் அவர் கட்டிய லட்சணம், குறித்த நாளுக்கு முன்பே வீடு இடிந்து விழுகிறது! வீட்டுக்காரர் வேறு ஆளை வைத்துத் திரும்பக் கட்டுகிறார். வாடகை போயிற்று. குடிவர இருந்தவருக்கும் ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த மூன்று நஷ்டங்களுக்கும், அதாவது திரும்பக் கட்டிய செலவு, போன வாடகை, குடிவர இருந்தவருக்குக் கொடுத்த ஈடு ஆகிய மூன்றுக்கும், கண்டிராக்டரே பொறுப்பு என்கிறது சட்டம்.

இந்தக் கதையில் ஒரு சிறு சொல் முக்கியம். "கண்டிராக்டருக்கும் தெரியும்" என்பதுதான் அது. ஒப்பந்தம் செய்யும்போது இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்குத்தான், அல்லது இயல்பாக நேரக்கூடிய நஷ்டத்துக்குத்தான், ஈடு கிடைக்கும். "ஏப்ரலில் என் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும்", "மாடியை வாடகைக்கு விட்டுத்தான் கடன் தவணை கட்டப் போகிறேன்" என்ற விஷயங்களை உங்கள் மனத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால், பின்னால் அந்த நஷ்டத்தைக் கேட்க முடியாமல் போகலாம். அவற்றையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அதே பிரிவில் மற்றோர் உதாரணம். முன்பணம் வாங்கிக்கொண்டு, பேசியபடி அல்லாமல் வேறு விதமாக வீட்டை மராமத்து செய்துவிட்டால், பேசியபடி திருத்துவதற்கு ஆகும் செலவை வீட்டுக்காரர் வசூலிக்கலாம். சரி, "பேசியபடி" என்றால் எந்தப்படி? மீண்டும் அந்தத் தாளுக்குத்தான் வருகிறோம்.

சதுர அடிக்குள் ஒளிந்திருக்கும் சண்டை

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசி முடித்தால் எல்லாம் பேசி முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் சண்டையே அங்கேதான் ஆரம்பமாகிறது.

எந்தச் சதுர அடி? போர்டிகோ சேருமா? பால்கனி சேருமா? மாடிப்படிக்கு மேலுள்ள அறை பாதிக் கணக்கா, முழுக் கணக்கா? தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, சுற்றுச்சுவர், பரண், கைப்பிடிச் சுவர் எல்லாம் அந்த ரேட்டுக்குள் அடக்கமா, தனியா? கூலி மட்டும் கண்டிராக்டா, சாமான்களும் சேர்த்தா? சிமெண்டு விலை ஏறினால் அந்த ஏற்றம் யார் தலையில்? இவை ஒவ்வொன்றும் ஒரு வழக்குக்கு விதை.

சாமான்களைப் பற்றி எழுதும்போது "முதல் தரம்", "நல்ல சாமான்" என்ற சொற்களால் பிரயோசனம் இல்லை. சிமெண்டு எந்த வகை, கம்பி எந்தத் தரம், தளத்துக்கு என்ன கனம், ஓடு சதுர அடிக்கு என்ன விலைக்குள் என்று எழுத வேண்டும். கான்கிரீட் விஷயத்தில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. "ஐ.எஸ். 456-ன்படி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், இந்தியத் தர நிர்ணய விதிகள் முழுவதும் உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும்.

அந்த விதி என்ன சொல்லுகிறது? கம்பி கட்டிப் போடும் கான்கிரீட் குறைந்தபட்சம் எம்-20 தரத்தில் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து, 28 நாள் கழித்து அழுத்திப் பார்த்தால், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் பாரம் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்டானால் குறைந்தது 10 நாளும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். தளத்தைத் தாங்கும் முட்டுகளை, தாங்குசுவர்களின் இடைவெளி 4½ மீட்டர் வரை இருந்தால் 7 நாளுக்கு முன்பும், அதற்கு மேல் இருந்தால் 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. உத்தரத்துக்கு இதைவிட அதிகம். 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

இவை என்ஜினீயர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறதே என்று அவசரப்பட்டு முட்டைப் பிரித்து, பிறகு தளத்தில் விரிசல் கண்டால், தவறு யாருடையது என்று காட்டுவதற்கு இந்த எண்கள்தான் உதவும்.

கூடுதல் வேலையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கட்டட வழக்குகளில் வழக்கமாகத் தலைதூட்டும் தகராறு கூடுதல் வேலை பற்றியது. சமையலறையில் ஒரு மேடை, பூஜை அறைக்கு ஒரு வளைவு, கொல்லையில் ஒரு துவைகல் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே போவார். "ஆகட்டும் ஐயா, பார்த்துக்கொள்ளலாம்" என்று கண்டிராக்டரும் செய்துகொண்டே போவார். கடைசியில் கணக்கைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும்.

இங்கே சட்டம் கண்டிராக்டருக்குக் கை கொடுக்கிறது. இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் நியாயமாக ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், பலனை அனுபவித்தவர் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. "நான் எழுதிக் கொடுக்கவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் எவ்வளவு தொகை என்று தீர்மானிக்கக் கோர்ட்டில் காலம் போகும்.

இதற்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, கூடுதல் வேலை, பேசிய தொகை, இருவர் கையெழுத்து. வேலை தொடங்கும் முன்பு எழுத வேண்டும். முடிந்த பிறகு அல்ல.

பணம் கொடுப்பதற்கும் முறை உண்டு

பணத்தை வேலைக்கு முன்னால் ஓடவிடக் கூடாது. வேலைக்கு வெகு பின்னாலும் விடக் கூடாது. அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு வேலை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, இன்ன கட்டம் முடிந்தால் இன்ன தொகை என்று எழுதிக்கொள்வதே நல்ல முறை. கடைசித் தவணையில் ஒரு பகுதியை, 100-க்கு 5 என்பது போல, குடிபுகுந்த பின் ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைத்துக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் இடம் வைக்கலாம். முன்கூட்டி எழுதிக்கொள்ளாமல் கடைசியில் பிடித்து வைத்தால், அது வீட்டுக்காரர் செய்யும் ஒப்பந்த மீறலாகிவிடும்.

கண்டிராக்டர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சாமான் வாங்கித் தருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு, வாங்கித் தராததால் வேலை நின்றால், பழி கண்டிராக்டர் மேல் அல்ல. 54-வது பிரிவு இதற்கும் ஒரு கதை சொல்லுகிறது. சாரமும் மரமும் கொடுக்க வேண்டியவர் கொடுக்க மறுத்தால், வேலை செய்ய வேண்டியவர் செய்ய வேண்டியதில்லை. நின்று போனதால் ஏற்பட்ட நஷ்டத்துக்கும் ஈடு கேட்கலாம். வேலை செய்யத் தயாராக இருப்பவரை வீட்டுக்காரர் தடுத்தாலும் அப்படியே.

ஆனால் காலக்கெடு உண்டு. கொடுப்பதற்குத் தேதி குறிக்காத கூலிப் பாக்கிக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற வாய்ச் சொல்லை நம்பி நடந்தால் அந்தக் கெடு கழிந்துவிடும். கெடுவுக்குள் வீட்டுக்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாகக் காலம் எண்ணப்படும். கடைசிப் பில்லில் ஒரு கையெழுத்து வாங்கத் தயங்கிப் பாக்கியை இழப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு உதவும்!

தாமதமானால் வாயை மூடிக்கொண்டிராதீர்கள்

பத்து மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன வீடு இருபது மாதத்தில் முடிகிறது. வீட்டுக்காரர் மனத்துக்குள் புழுங்கிக்கொண்டே சாவியை வாங்கிக்கொள்கிறார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அவர் எண்ணம். இது ஆபத்து. காலம் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாக முடித்த வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே "தாமதத்துக்கு ஈடு கேட்பேன்" என்று அறிவிக்காவிட்டால், பிறகு கேட்க முடியாது என்கிறது 55-வது பிரிவு. சாவியை வாங்கும் முன் ஒரு பதிவுத் தபால் அனுப்பினால் போதும்.

தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதும் உண்டு. 74-வது பிரிவின்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் கோர்ட்டு கொடுக்கும். பயமுறுத்துவதற்காகப் பெரிய தொகை எழுதுவதில் பயன் இல்லை.

கண்டிராக்டர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாலோ? ஆத்திரத்தில் மறுநாளே வேறு ஆளைக் கூட்டி வந்து வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு என்ஜினீயரைக் கொண்டு, ஆன வேலையை அளந்து எழுதி வாங்குங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்தவர் கலவை பூசிவிட்டால், முதல் ஆளின் குறை அதற்குள்ளே மறைந்துவிடும். உங்கள் சாட்சியமும் மறைந்துவிடும்.

பிளானை மீறினால்

இதுவரை சொன்னது இருவருக்கு இடையிலான விவகாரம். மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் சர்க்கார்.

தமிழ்நாட்டில் 1971-ம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டமும், 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தள, ஒரு மாடி வீடுகளுக்கு, கம்ப்யூட்டர் வழியாகவே அனுமதி பெறலாம் என்பது அந்தத் திட்டம். அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் "சுயசான்று" என்றால் விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி கூறுகிறீர்கள் என்று அர்த்தம். தவறினால் பொறுப்பும் உங்களுடையதே.

"பக்கத்தில் இரண்டடி சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டி முடித்துவிட்டோம், பல ஆண்டாகிவிட்டது, இவ்வளவு செலவு செய்துவிட்டோம் என்பதாலெல்லாம் விதிமீறிய கட்டடம் முறையானதாகிவிடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பரில் திட்டவட்டமாகக் கூறியிருக்கிறது. டெல்லியை அடுத்த நொய்டாவில் விதிமீறி எழுப்பிய இரட்டைக் கோபுரக் கட்டடங்களை இடிக்கும்படி 2021 ஆகஸ்டில் அதே கோர்ட்டு உத்தரவிட்டது. சுமார் 100 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டடங்கள் 2022 ஆகஸ்டு 28-ந் தேதி வெடி வைத்துச் சில விநாடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன.

பக்கத்து வீட்டையும் மறக்கக் கூடாது. உங்கள் மனையில் ஆழமாகத் தோண்டும்போது அடுத்த மனையின் மண் சரியக் கூடாது. அண்டை நிலத்தின் தாங்குதலைப் பெறுவது ஒவ்வொரு நிலத்துக்கும் உள்ள இயற்கை உரிமை என்கிறது 1882-ம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம். 20 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையோடு அனுபவித்து வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அந்தச் சட்டம் காப்பு அளிக்கிறது. பழைய வீட்டுக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டும் முன், அந்த வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு அவர் சுவரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். முன்பே இருந்த விரிசல் எது, புதிய விரிசல் எது என்ற வாதமே எழாது.

உயிர்ப் பொறுப்பு

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிர் போனால்?

2014 ஜூன் 28-ந் தேதி. சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே அமிழ்ந்து நொறுங்கியது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். பக்கத்திலேயே இருந்த அதன் ஜோடிக் கட்டடமும் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி இதற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உயிர் போகாவிட்டாலும் கூடக் குற்றம் உண்டு. கட்டடம் விழுந்து ஆபத்து நேராதபடி தக்க பாதுகாப்புச் செய்யாதவர்களை 290-வது பிரிவு தண்டிக்கிறது. பழைய சட்டம் இடிப்பதையும் மராமத்தையும் மட்டுமே சொன்னது. புதிய சட்டம் "கட்டுவதையும்" சேர்த்திருக்கிறது.

சாரத்திலிருந்து ஒரு சித்தாள் விழுந்தால்? வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1923 முதல் உள்ள சட்டம். அது இப்போது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலுக்கு வந்துள்ளது. முதலாளியின் தவறு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. கண்டிராக்டரானால் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வைப்பது அவர் குடும்பத்துக்கே பாதுகாப்பு. வீட்டுக்காரர் நேரடியாகத் தினக்கூலிக்கு ஆள் வைத்தாலோ, அந்தப் பொறுப்பு அவர் தலையிலேயே வந்து விழலாம்.

எங்கே முறையிடுவது?

உங்கள் மனையில் கண்டிராக்டர் கட்டிய வீட்டில் குறை இருந்தால், நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் ஒரு "சேவை"யே என்று சுப்ரீம் கோர்ட்டு 1993 நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்புக் கூறியது. இப்போதுள்ள 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்டக் கமிஷன். அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலக் கமிஷன். அதற்கும் மேலானால் தேசியக் கமிஷன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கட்டி விற்பவர்களிடம் பிளாட் வாங்கினால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமும் துணைக்கு வரும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குடிபுகுந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து, அதைத் தெரிவித்தால், 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிக்கொள்பவருக்கு இந்தச் சட்டம் வராது. அவருக்கு அந்த 5 ஆண்டுப் பாதுகாப்பு வேண்டுமானால் ஒப்பந்தத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கண்டிராக்டர் தம் பாக்கிக்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை

1. இருவர் பெயர், விலாசம், மனையின் விவரம், அனுமதி பெற்ற பிளானின் நகல்.

2. சதுர அடி ரேட்டு. எது சேரும், எது சேராது.

3. சாமான்களின் வகையும் தரமும். விலை ஏறினால் யார் பொறுப்பு.

4. தொடங்கும் தேதி, முடிக்கும் தேதி, தாமதத்துக்கு ஈடு.

5. கட்டம் கட்டமாகப் பணம். கடைசியில் நிறுத்தி வைக்கும் தொகை.

6. கூடுதல் வேலைக்குக் கையெழுத்திட்ட எழுத்து.

7. கம்பி கட்டியதும், கான்கிரீட் போடும் முன் பார்வையிட வேண்டிய என்ஜினீயர் யார்.

8. ஆட்களின் பாதுகாப்பும் இன்ஷூரன்ஸும் யார் பொறுப்பு.

9. குடிபுகுந்த பின் எத்தனை ஆண்டு வரை குறைகளைச் சரிசெய்து தர வேண்டும்.

10. வேலை நின்றால் அளவெடுத்துக் கணக்குத் தீர்க்கும் முறை.

இரண்டு பிரதிகள் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாட்சிகளும் இருக்கட்டும்.

"எழுதிக் கேட்டால் கண்டிராக்டர் மனம் வருந்துவாரே" என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். "எழுதிக் கேட்டால் வேலையே கைவிட்டுப் போய்விடுமே" என்று கண்டிராக்டர் தயங்குகிறார். இந்தத் தயக்கத்துக்காக இருவரும் பின்னால் கொடுக்கும் விலை அதிகம். எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. பேசிய பேச்சை இரண்டு பேரும் மறக்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. நேர்மையான கண்டிராக்டருக்கு அந்தத் தாளைவிட நல்ல சாட்சி கிடையாது.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு நாள் பார்த்துவிட்டீர்களா? அதற்கு முந்தின நாளைத் தாள் எழுதுவதற்கு ஒதுக்கி வையுங்கள்.